அமாவாசைக்கு மறுநாள் குழாயடியில

கையெழுத்து ஆயிடுச்சுடா, நேத்து சாயங்காலம் மெட்ராஸ் ஆபீசரும் நம்ம நகராட்சியும் ஒரே மேஜையில குந்திக்கினு போட்டுட்டாங்க, மழ இல்லாத நாள்ல நம்ம சாக்கடைத் தண்ணி இனிமே குளத்துல ஒரு சொட்டு கூட வுழக்கூடாது!

நான் நகராட்சி வராண்டாவுலதான் நின்னுக்கினு இருந்தேன். பேனாவ மூடினதும் தலைவர் படம் மொத நாள் மொத காட்சி மாதிரி விசிலடிக்கணும்னு தோணுச்சு. ரெண்டு விரல வாயில வெச்சேன். வெறும் காத்துதான் வந்துச்சு. விசில் எப்பவும் உன் டிபார்ட்மென்ட் ஆச்சே. பியூன் என்னைப் பாத்து, "இன்னா தம்பி, பல்லு வலியா?"ன்னாரு.

இன்னிக்கி அமாவாசை. காலைல குளத்துக்குப் போனேன். படியில சவுக்கார வாசனையே இல்லடா. பாசி வாசனையும் ஈரக் கல்லு வாசனையும்தான். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் அப்படியே மேல ஏறிக்கிச்சு. வூட்டுக்கு வந்தா தறியில வலது பக்கம் நீ குந்தற பலகை. இன்னிக்கி ஊருல எல்லா தறியும் காலிதான். நாளைக்கும் காலியா இருக்கப் போறது உன் எடம் மட்டும்தான்.

அதான் இந்தக் காயிதம். நம்ம ரசிகர் மன்றத்து போர்டுல, தலைவர் படம் எப்ப ரிலீசுன்னு நான் சாக்பீஸ்ல எழுதற எடத்துல, இதை ஒட்டப் போறேன். தலைவர் ஒரு நாளைக்கு பொறுத்துக்குவாரு.

படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும் இல்ல, அதனால மொதல்லேர்ந்து சொல்றேன். நம்ம தெரு சாக்கடை போய் முட்டற எடத்துல ஒரு மரப்பலகை இருக்குது. அத தூக்கினா தண்ணி குளத்துக்குப் போவும். கொஞ்சமா வந்தா பக்கத்துல பழைய வாய்க்கால்ல வழிஞ்சுடும், நெறைய வந்து தூக்கலன்னா தெருவுல ஏறும். தெருவுல ஏறினா காலைல பட்டுப் பாவு விரிக்க எடமில்ல. தெரு நீளத்துக்கு நூல இழுத்துக் கட்டி கஞ்சி போடறது நம்ம பொழப்பு, அது மேல சாக்கடை பட்டா அவ்ளோதான்.

மழ வந்தா பலகைய தூக்கறது சரி. ஆனா நமக்கு லீவு அமாவாசைதான். அன்னிக்கி தான் ஊரே தல முழுகும், ஊரே துணி தோய்க்கும். எல்லா வூட்டுத் தண்ணியும் ஒண்ணா வந்தா சாக்கடை என்னா பண்ணும்? யாராவது போய் பலகைய தூக்கிடுவாங்க. அதே நேரத்துல நாம குளத்துப் படியில எறங்கி நின்னு, செத்துப்போனவங்களுக்கு எள்ளும் தண்ணியும் வுட்டுக்கினு இருப்போம்.

நீ ஒரு தபா உங்கப்பாவுக்கு தண்ணி வுட்டுக்கினு இருந்தே. நொரை வந்து உன் முட்டியில முட்டுச்சு. நீ மூஞ்ச தூக்கி என்னைப் பாத்து, "நான் எங்கப்பனுக்கு எள்ளு குடுத்தா, அவரு எதிர் வூட்டு வேட்டி அழுக்க திருப்பி அனுப்பறாருடா"ன்னே. படியில இருந்த அத்தினி பேரும் சிரிச்சாங்க. நீ சிரிக்கல. எள்ளு நொரை மேல ஒட்டிக்கினு மெதக்கறத பாத்துக்கினே நின்னே.

அப்புறம் தான் மெட்ராஸ்லேர்ந்து சுகாதார ஆபீசரு வந்தாரு. பள்ளிக்கூடத்து ஹால்ல கூட்டம். எனக்கு படிப்பு எட்டாங்கிளாசுதான், ஒப்பந்தம்னா என்னான்னு வாசகசாலை பேப்பர பொரட்டி நானா கத்துக்கினதுதான். ஒரு பக்கம் நாளைக்கே நிறுத்துங்கும். இன்னொரு பக்கம் பணமில்ல, டைம் குடுங்கும். ரெண்டும் இழுத்து இழுத்து நடுவுல ஒரு எடத்துல வந்து நிக்கும். நான் சண்டைக் காட்சி மாதிரி வாயத் தொறந்துக்கினு பாத்தேன்.

நகராட்சி இஞ்சினியரு, "புது கால்வாய் கட்டற வரைக்கும் மழை நாள்ல மட்டும் தொறந்துக்கறோம் சார்"னாரு.

"வெயில் நாள்ல தொறந்தா?"ன்னாரு ஆபீசரு.

"அமாவாசைய நான் எப்படிங்க நிறுத்தறது?"

ஹாலே சிரிச்சுச்சு. ஆபீசரு சிரிக்கல. "அப்போ பலகையே வாணாம். செங்கல் வெச்சி அடைச்சுடுங்க"ன்னாரு. சிரிப்பு பொசுக்குனு நின்னுடுச்சு. அடைச்சா தெருவுல தண்ணி, பாவு விரிக்க எடம் போச்சு, எல்லாருக்கும் அது ஒரே நேரத்துல தான் ஒறைச்சுச்சு.

நீ எழுந்து நின்னே. "சார், அமாவாசைய தள்ள முடியாது. துணி தோய்க்கறத தள்ளலாம். எங்க தெரு மறுநாள் தோய்க்கும். குளிக்கற தண்ணியும் தோய்க்கற தண்ணியும் ஒண்ணா வரலன்னா சாக்கடையே தாங்கும்."

பின்னாலேர்ந்து எவனோ, "உங்கம்மாவ கேட்டியாடா?"ன்னான். கேக்கலதான். ஆனா ஆபீசரு பேனாவ எடுத்தாரு. கொஞ்ச மாசம் பாக்கறேன், வெயில் நாள்ல தண்ணி வுழலன்னா பலகை இருக்கட்டும், கையெழுத்து போடறேன்னாரு.

வூட்டுக்கு வந்தா உங்கம்மா வாசல்லியே நின்னுக்கினு இருந்தாங்க. சேதி நமக்கு முன்னாடி வந்து சேந்துடுச்சு. "மறுநாள் தறி ஓடற நாளு. ஒருத்தி நூல் சுத்துவாளா, சோறு ஆக்குவாளா, துணி தோய்ப்பாளா? வாக்கு உன்னுது, கை மட்டும் என்னுதா?"

நான் நழுவிடலாம்னு பாத்தேன். நீ அசையவே இல்ல. "வாக்கும் என்னுது, கையும் என்னுதும்மா"ன்னே.

அதுக்கப்புறம் வந்த மொத அமாவாசைக்கு மறுநாள் காலைல, குழாயடியில ஒத்த ஆம்பளையா நீ. லுங்கிய தூக்கி கட்டிக்கினு, உங்க வூட்டுத் துணி மொத்தத்தையும் கல்லுல அடிச்சுக்கினு இருந்தே. பொம்பளைங்க உன்னை வுட்டாங்களா? "மாமா, பார்டர் கிழியாம அடி!" "இவருக்கு வேற பொண்ணு தேடணுமா, இவரே போதுமே!" நீ ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லிக்கினே தோய்ச்சே. நான் இங்க தறியில முழிச்சுக்கினு இருந்தேன். கோர்வை தறி, பார்டர தனியா கோக்க ரெண்டு ஆளு வேணும், நான் ஊடை நூல் நாடாவ தள்ளினா அந்தப் பக்கம் உன் கை இல்லாம பார்டர் ஏறாது. அரை நாள் பேஜார். நீ வந்து குந்தினப்ப கையெல்லாம் ஊறி வெளுத்திருந்துச்சு. "என்னாடா மொறைக்கற, நாடாவ போடு"ன்னே.

அடுத்த மாசம் குழாயடியில உன்னோட இன்னும் ஆளுங்க கூடினாங்க. அப்புறம் பக்கத்துத் தெருவும் ஒத்துக்கிச்சு. பலகைய தொடறதுக்கு யாருக்கும் வேலையே வரல.

ஐப்பசி மழையில உனக்கு காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரியில நீ என்கிட்ட கடைசியா பேசினது இதான்: "மறுநாள் யாரு தோய்ப்பா?" நீ காய்ச்சல்ல ஏதோ ஒளறறேன்னு நான் நெனச்சு, "மொதல்ல நீ கஞ்சிய குடி"ன்னேன். நீ ஒளறலடா.

அப்போலேர்ந்து உங்க வூட்டுத் துணியும் எங்க வூட்டுத் துணியும் நான்தான் தோய்க்கறேன். உங்கம்மா துணிய மூட்டை கட்டி வாசல்ல வெச்சுடறாங்க. போன மாசம் அந்த மூட்டைக்குள்ள உன் சட்டை ஒண்ணும் இருந்துச்சு. அழுக்கே இல்ல. தோய்ச்சு, புழிஞ்சு, மத்ததோட சேத்து காய வெச்சேன். முதலாளி எனக்கு தறியில வேற ஜோடி ஆளு பாத்துக் குடுக்கறேன்னாரு. வாணான்னுட்டேன். இப்போ கோர்வை இல்லாத பொடவைதான், ஒத்தையா நெய்யறேன். சில நேரம் தலைவர் பட வசனத்துல பாதிய நான் சொல்லிட்டு, மீதிக்கு வெயிட் பண்றேன்.

இன்னிக்கி காலைல குளத்துல ஒரு காரியம் பண்ணிட்டேன். நான் உனக்கு அண்ணன் தம்பி இல்ல, எங்க மொறைப்படி உனக்கு தண்ணி வுட எனக்கு உரிமை இல்ல. யாரும் பாக்காத மூலையில எறங்கி, ஒரு கை எள்ளும் தண்ணியும் எடுத்து வுட்டேன். எள்ளு அடி வரைக்கும் எறங்கினது தெரிஞ்சுச்சுடா. அவ்ளோ தெளிவு. நொரை ஒண்ணும் திரும்பி வரல.

போர்ட படிக்கிறவங்களே, காயிதத்துல கையெழுத்து போட்டது ரெண்டு பேரு, அத காப்பாத்த வேண்டியது நாம. உங்க தெரு என்னிக்கி தோய்க்குதுன்னு இதுக்குக் கீழ எழுதிட்டுப் போங்க, சாக்பீஸ் ஆணியில தொங்குது. நாளைக்கு வெடிஞ்சதும் நான் குழாயடியில இருப்பேன். ஆம்பளைங்க வாளி எடுத்துக்கினு வாங்கப்பா. விசிலடிக்கத் தெரிஞ்சவன் எவனாவது இருந்தா மொதல்ல வா, என் பக்கத்துல எடம் இருக்குது.