இடது கன்னம்

பெல் ஏர்,
6 பிப்ரவரி 1951

அன்புள்ள மேவிஸ்,

நலமா? போனில் பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் போனை வைத்துவிடுவேன், பிறகு இரண்டு பேருக்கும் சங்கடம். ஆகவே கடிதம்.

அடுத்த படம் முடிவாகிவிட்டது. போரிலிருந்து வீடு திரும்பும் விமானி. வயது முப்பத்துமூன்று. (சிரிக்காதே. ஒளிப்பதிவாளர் நல்லவர்.) அதில் உனக்கு ஒரு வேடம் இருக்கிறது. படத்துக்கே உயிர் அதுதான். முதலாளி கெல்லர் வேறு யார் யாரையோ சொன்னார். நான் மேசையைத் தட்டி, "மேவிஸ் இல்லன்னா நானும் இல்ல சார்" என்றேன். நாம் பிரிந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒன்பது படத்தில் ஜோடியாக நடித்த பாசம் விட்டுப் போகுமா?

உடனே பதில் எழுது. உறையின் மேல் என் சொந்தப் பெயரை எழுதாதே. என் புது மனைவி டாலிக்கு இருபத்துமூன்று வயதுதான். ஒர்வில் ஹக்கின்ஸ் என்ற பெயரைப் பார்த்தால் நாள் முழுக்கச் சிரிப்பாள்.

என்றும் அன்புடன்,
டெரன்ஸ்

*

கிளென்டேல்,
9 பிப்ரவரி 1951

என் அன்புள்ள ஒர்வில்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசல் கதவைத் திறந்து போட்டபடியே நின்றேன். பால்காரன், "என்னம்மா, பேயக் கீய பாத்தீங்களா?" என்றான். "இல்லப்பா, என் புருஷனப் பாத்தேன்" என்றேன். பழைய புருஷன் என்று திருத்தக்கூடத் தோன்றவில்லை.

பதினோரு வருடமாக நான் வெறும் குரல். சோப்புக் கம்பெனி நடத்தும் வானொலித் தொடரில் சித்தி வேடம். கடைக்காரன் என் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கிறான், முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறான். நீ என் முகத்தைத் திருப்பித் தருகிறாய். நன்றி, நன்றி.

இன்றிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இளைக்கப் போகிறேன். தலைக்குச் சாயம் போட்டாயிற்று. நீயும் காதைத் தயாராக வைத்துக்கொள்! நம் முதல் படத்தில் முத்தக் காட்சியில் நீ வசனம் மறந்து விழித்தபோது, உன் காது மடலைப் பிடித்து இழுத்தேனே, நினைவிருக்கிறதா? ஒன்பது படத்திலும் முத்தத்துக்கு முன்னால் ஒரு இழுப்பு. நாடு முழுக்கக் காதலிகள் காதலர்களின் காதைப் பிடித்து இழுத்தார்கள். பாவம், எத்தனை காது சிவந்ததோ!

உன்,
மேவிஸ்

*

பெல் ஏர்,
14 பிப்ரவரி 1951

அன்புள்ள மேவிஸ்,

உனக்கு மனைவி வேடம் என்று யார் சொன்னது? அதற்குப் புதுப் பெண் ஒருத்தியைப் போட்டாயிற்று. உனக்கு என் அம்மா வேடம்.

உடனே மூக்கைச் சிந்தாதே. கடைசிக் காட்சியில் நீ படுக்கையில் கிடந்து சாகிறாய், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். இதைவிட என்ன வேண்டும்? சாயத்தைக் கழுவிவிடு. நரைதான் வேண்டும், விக் செலவு மிச்சம். இளைக்கவும் வேண்டாம்.

டெரன்ஸ்

*

கிளென்டேல்,
27 பிப்ரவரி 1951

அன்புள்ள ஒர்வில்,

நீ பிறந்தது 1901. நான் 1906. உலகத்திலேயே பெற்றவளைவிட ஐந்து வயது மூத்த பிள்ளை நீதான்.

பத்து நாளுக்கு மேல் பதில் எழுதாமல் இருந்து பார்த்தேன். அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லித் தொலைத்துவிட்டேன். சரி, நடிக்கிறேன். எனக்கு ஒரே ஒரு ஆசை.

என் வலப்பக்கம் மூக்கு கோணல் என்பது உனக்குத் தெரியும். உனக்கும் இடது கன்னம்தான் அழகு. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றால் ஒருவருடைய இடது கன்னம்தான் கேமராவுக்குத் தெரியும். ஒன்பது படத்திலும் அதை உனக்கு விட்டுக்கொடுத்தேன். பெண்டாட்டி என்று விட்டுக்கொடுத்தேன். என் நல்ல முகத்தை இந்த நாடு பார்த்ததே இல்லை, ஒர்வில். சாகும் காட்சியில் மட்டும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல். என் இடது கன்னம் ஒருமுறை திரையில் வரட்டும். கிழவியாகவே வரட்டும், பரவாயில்லை. வேறெதுவும் கேட்கமாட்டேன்.

மேவிஸ்

*

பெல் ஏர்,
2 மார்ச் 1951

அன்பே மேவிஸ்,

இவ்வளவுதானா? எடுத்துக்கொள். என் கௌரவத்தின் மேல் சத்தியம்.

டெரன்ஸ்

*

கிளென்டேல்,
20 ஏப்ரல் 1951

ஒர்வில்,

நேற்று சாகும் காட்சிக்காகக் காலையிலேயே வந்து படுத்தேன். கட்டில் நான் கேட்டபடிதான் கிடந்தது. விளக்கெல்லாம் என் இடப்பக்கம். அந்தச் சின்னப் பையன் இயக்குநர் ஹார்மன்கூட, "மேடம், இந்தப் பக்கம் ரொம்ப அழகா இருக்கீங்க" என்றான். எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன் தெரியுமா?

அப்போது நீ வந்தாய். என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாய். "இத யாரு இப்படிப் போட்டது? என் மூஞ்சி எங்கப்பா விழும்?" என்றாய். நான் எழுந்திருக்கக்கூட நேரம் தரவில்லை. நான்கு பேர் என்னோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கித் திருப்பினார்கள். கேமரா என் தலைக்குப் பின்னால் போய்விட்டது. தெரிந்தது என் நரைமுடியும் ஒரு கையும்தான். "டெரன்ஸ், சத்தியம் பண்ணியே" என்று மெல்லச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, செத்துப்போன ஆளு பேசக்கூடாது" என்றாய். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து வாரப் பத்திரிகையைப் பிரித்தால் உன் பேட்டி. "நேத்து என் ஜோடி, இன்னிக்கு என் அம்மா. எனக்கு மட்டும் வயசே ஆகல பாருங்க! மேவிஸ் நிஜத்துலயும் எனக்கு அம்மா மாதிரிதான்." என்னை ஏன் கூப்பிட்டாய் என்று இப்போது புரிகிறது. என் நரைக்குப் பக்கத்தில் நின்றால் உன் தலை கறுப்பாகத் தெரியும்.

மேவிஸ்

*

பெல் ஏர்,
24 ஏப்ரல் 1951

அன்புள்ள மேவிஸ்,

எதற்கு இந்த ஒப்பாரி? படத்தைப் பார்க்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்க வருகிறார்கள்.

எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்தோம். மூன்று டேக். முதல் இரண்டில் நீ கன்னத்தைத் தடவினாய், நான் சுமாராக அழுதேன். மூன்றாவதில் என் காதைப் பிடித்து இழுத்தாயே, எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது! ஒரே ஒரு சொட்டு, இடது கன்னத்தில் மெதுவாக இறங்கி வெளிச்சத்தில் மின்னுகிறது. ஹார்மன் முதல் டேக்தான் நல்லது என்றான். "தம்பி, நான் அழ ஆரம்பிச்சப்ப நீ தொட்டில்ல கெடந்த" என்று சொல்லி அடக்கிவிட்டேன். மூன்றாவதுதான் படத்தில் இருக்கும். உன் கையும் இருக்கும். சந்தோஷம்தானே?

டெரன்ஸ்

*

பெல் ஏர்,
17 ஜூன் 1951

மேவிஸ்,

நேற்று பொமோனாவில் படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் திரையிட்டார்கள். கொட்டகை நிறையக் கூட்டம். கடைசிக் காட்சி வரை ஊசி விழுந்தால் கேட்கும். உன் கை மேலே வந்து என் காதைப் பிடித்தது. அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. பின்வரிசையில் ஒரு பொம்பளை, "ஏங்க, இது அவன் பொண்டாட்டிங்க! முத்தம் குடுக்கப் போறா பாருங்க!" என்று கத்தினாள். அதற்குள் நான் திரையில் "அம்மா!" என்றேன்.

எப்படிச் சிரித்தார்கள் தெரியுமா? விளக்குப் போட்ட பிறகும் சிரித்தார்கள். கருத்துச் சீட்டு ஒன்றில், "கிழவர் நன்றாக நடித்தார்" என்று எழுதியிருந்தது. கிழவர்! கெல்லர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார்.

புரொஜக்டரும் சரியில்லை. ஹார்மனும் முட்டாள். ஆனால் அந்த இழுப்பை நீ வேண்டுமென்றே செய்தாயா? அதை மட்டும் சொல்.

டெரன்ஸ்

*

கிளென்டேல்,
20 ஜூன் 1951

அன்புள்ள ஒர்வில்,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆமாம், வேண்டுமென்றேதான் இழுத்தேன். என் முகத்தை நீ எடுத்துக்கொண்டாய். மிச்சம் வைத்தது ஒரு கை. அதற்குத் தெரிந்ததை அது செய்தது. ஆனால் மூன்று டேக் இருந்ததே, ஒர்வில்! இரண்டில் நான் ஒழுங்கான அம்மாவாகத்தான் நடித்தேன். நீ அழகாக அழுதாய் என்பதற்காக மூன்றாவதை நீயே எடுத்துப் போட்டாய். எடுத்துப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். உன்னோடு ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியவள் அல்லவா?

அந்தப் பெருமூச்சு யாருக்கு என்றும் யோசித்துப் பார்.

மேவிஸ்

*

பெல் ஏர்,
30 அக்டோபர் 1951

என் அன்பான மேவிஸ்,

படம் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டது. டாலியும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என் ஒப்பந்தத்தைக் கெல்லர் புதுப்பிக்கவில்லை. தெருவில் பையன்கள் என்னைக் கண்டால் "அம்மா!" என்று கத்துகிறார்கள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நீ சொன்ன பெருமூச்சைக் கெல்லரும் கேட்டிருக்கிறார். சீட்டுகளில் பாதிப் பேர், "இவர்கள் இரண்டு பேரும் மறுபடி சேர்ந்தால் என்ன?" என்று எழுதியிருக்கிறார்களாம். பிரிந்துபோன வயதான தம்பதி திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. தயார். "ரெண்டு பேரும் வந்தா படம். ஒருத்தர் மட்டும்னா கதவு அந்தப் பக்கம்" என்கிறார்.

படம் முழுக்க இடப்பக்கம் உனக்கே. இந்த முறை வெறும் சத்தியம் இல்லை, ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிவிட்டேன். கதையையும் ஒப்பந்த நகலையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பொமோனாவுக்குப் பிறகு எனக்கு எந்தப் பக்கமும் மிச்சமில்லை, மேவிஸ். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் நான் முடிந்தேன்.

உன் பழைய,
ஒர்வில்

*

கிளென்டேல்,
5 நவம்பர் 1951

அன்புள்ள ஒர்வில்,

கதையை இரண்டு முறை படித்தேன். மிகவும் நன்றாக இருக்கிறது. ஒப்பந்தத்திலும் நீ சொன்னபடியே எழுதியிருக்கிறது. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று இடது கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஆசையில்லை என்று நினைத்துவிடாதே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்று கெல்லருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இந்நேரம் அவருக்குக் கிடைத்திருக்கும்.

நான் உனக்கு நிஜத்திலும் அம்மா மாதிரி என்று பத்திரிகையில் ஊருக்கே சொன்னாய். அதை நான் மறுக்கவில்லையே. எந்தத் தாயாவது பெற்ற பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்வாளா?

குளிர்காலம் வருகிறது. தனியாக இருக்கிறேன் என்று குடித்துக்கொண்டிருக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ. காதையும் மூடிக்கொள்.

இப்படிக்கு,
அம்மா