எங்கள் பசு ரோஜாவுக்கு வானிலை தெரியாது எனச் சான்று கோரும் மனு

அனுப்புநர்:
ர. கோவிந்தராஜுலு,
தென்னை விவசாயி,
குட்டைத் தோட்டம், கிணத்துக்கடவு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: எங்கள் பசு மழையை முன்கூட்டியே சொல்லும் எனத் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் காட்டியது – நட்பு முறிந்தது – அப்பசுவுக்கு ஏதும் தெரியாது எனச் சான்று கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. மழை இப்போதெல்லாம் முன்போல நாள் பார்த்து வருவதில்லை. ஆகவே என் தோப்பில் பண்ணைக் குட்டை வெட்டி, மண் காயாமல் இருக்க மரத்தடியில் மட்டைகளைப் பரப்பி வைத்தேன். பருவநிலை மாற்றத்தை உள்ளூர் மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படமெடுக்கும் தொலைக்காட்சிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு, சித்திரையில் வந்தார்கள். நான் சலவை வேட்டி கட்டி, குட்டைக்கரையில் இரண்டு மணி நேரம் நின்று பேசினேன். அதில் ஒரு விநாடிகூடப் படத்தில் வரவில்லை. இது என் புகார் அல்ல. ஆனாலும் வருத்தம்தான்.

2. புகார், பசுவைப் பற்றியது. படமெடுத்த ஷ்ரவ்யா என்ற பெண், கட்டுத்தறியில் வாலைத் தூக்கி நின்ற எங்கள் ரோஜாவைக் காட்டி, மழை வருவது இதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமா என்று கேட்டார். வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "இருக்குமுங்க அம்மணி" என்றேன். அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் அதையேதான் சொன்னேன். என் கெட்ட நேரம், கால் மணி நேரத்தில் மழை கொட்டியது. ரோஜா வாலைத் தூக்கியது ஈக்கடியால்.

3. படம் ஒளிபரப்பானது முதல் வீட்டில் நிம்மதி இல்லை. ஆனைமலைக் கல்யாண வீட்டார் பந்தல் போட நாள் கேட்கிறார்கள். பீளமேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் ரோஜாவின் கழுத்தில் கட்ட ஒரு கருவி கொண்டுவந்தார்கள். அதன் வாரை ரோஜா தின்றுவிட்டது. போனில் கேட்பவர்களிடம் என் மனைவி ராமாமணி, "அது பால் குடுக்குமுங்க, மத்ததெல்லாம் தெரியாதுங்க" என்கிறார். எல்லோரும் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

4. பக்கத்துக் களத்தில் கொப்பரை காயவைத்து விற்கும் ராசப்பன் என் இருபத்தைந்து ஆண்டு நண்பர். சென்ற மாதம் ஒரு காலை, வேலிக்கு அப்பாலிருந்து, "ஏனுங்க, மாடு என்ன சொல்லுதுங்க? காயப் போடட்டுங்களா?" என்று கேட்டார். "படுத்திருக்குதுங்க" என்றேன். நான் சொன்னது அவ்வளவே. அவர் தார்ப்பாயைக்கூட எடுத்து வைக்காமல் சந்தைக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்கு மழை. தனியாக ஓடி என்னால் பாதிக் களத்தைத்தான் மூட முடிந்தது. மீதிக் கொப்பரை பூஞ்சை பிடித்துப் பாழானது. திரும்பி வந்தவர், "உங்க மாட்டை நம்புனதுக்கு மொபைல்ல பாத்திருக்கலாமுங்க" என்றார். அத்தனை கோபத்திலும் அந்த 'ங்க'வை விடவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. மாலைக் காப்பிக்கும் வருவதில்லை. போட்டு வைத்த காப்பி ஆறிப்போகிறது. எனக்கு இது தாங்கவில்லை ஐயா.

5. ஆகவே, கால்நடை மருத்துவரைக் கொண்டு ரோஜாவை ஆய்வு செய்து, 'மேற்படி பசுவுக்கு வானிலை குறித்து யாதொரு அறிவும் இல்லை' என முத்திரையிட்ட சான்று வழங்குமாறு வேண்டுகிறேன். அதை வாசல் கேட்டில் மாட்டிவிட்டால் நான் யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்காது. ஒரு நகலை ராசப்பனுக்குத் தாங்களே அனுப்ப வேண்டும். நான் கொடுத்தால் வாங்கமாட்டார். தொலைக்காட்சியிலும் மறுப்புப் போடச் சொல்லுங்கள். அப்போது என் குட்டையையும் அரை நிமிடம் காட்டினால் நல்லது.

6. கடைசியாக ஒன்று. விசாரணைக்கு வரும் அலுவலர், "பிரச்சினை தீர்ந்துவிட்டதல்லவா, மனுவை முடித்துவிடலாமா?" என்று கேட்டால், நான் அவருக்குக் காப்பி கொடுத்து, "சரிங்க" என்றுதான் சொல்வேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. தயவுசெய்து அதை எழுதிக்கொள்ள வேண்டாம். வேலிக்கு அப்பால் போய் ராசப்பனைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால்தான் சரி.

இடம்: கிணத்துக்கடவு
நாள்: 15.07.2024

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ர. கோவிந்தராஜுலு