சித்திரை வெயிலில் துளுக்கியவனுக்கு

நேற்று ஊத்தங்கரையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பெரியவர் மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ அந்த ஈர ஆட்டு வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்விட்டாய் என்று போன வாரம் உன் மகள் போனில் சொன்னபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. "ஓ, அப்படியா" என்று மடையன் மாதிரி சொல்லி வைத்தேன். பஸ்ஸில்தான் அது உறைத்து, தேம்பி அழுதுவிட்டேன். ஆட்டுக்காரர் பயந்துபோய், "என்னாங்க, ஒடம்புக்கு முடியலையா?" என்று என் தோளைப் பிடித்தார்.

அறுபதுகளின் கடைசி அது. நான் கிருஷ்ணகிரியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு மாணவர்கள் சில மாதம் இங்கே தங்கிப் படிக்க வருகிறார்கள், யார் வீட்டில் இடம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் கையைத் தூக்கிவிட்டேன். பர்கூர் பக்கத்தில் எங்கள் வாசலில் நீ வந்து இறங்கியபோது, எங்கள் அம்மா உன் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, "ஏன்டா, பையன்னு சொன்ன, பொண்ணக் கூட்டியாந்து நிக்கிறியே!" என்று தலையில் கை வைத்தாள். தோளுக்குக் கீழே தொங்கிய வைக்கோல் நிற முடி அப்படி. நீ திரும்பினாய். மீசையைப் பார்த்து இன்னும் அதிர்ந்துபோனாள். அன்றிலிருந்து அவளுக்கு நீ 'தொரை'.

ஹாலந்தில் உன் அப்பா மாடு வளர்ப்பவர். முடியை வெட்டச் சொல்லி அவர் சண்டை போட்டதையும், அதோடு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டதையும் நீயே சொன்னாய். "முடி என்னோடது. யார் சொன்னாலும் வெட்ட மாட்டேன்" என்று உன் அரைகுறைத் தமிழில் நீ சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் அப்பா இருமினாலே நாங்கள் எழுந்து நிற்போம்.

மாட்டுக்காரர் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருப்பாயா? எங்கள் கிடாவைத் தினமும் கிணற்றடியில் கட்டி, தலையோடு தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டினாய். அந்தக் கூத்தைப் பார்க்கத் தெருவே திரண்டு வரும். (அந்தக் கிணற்றடியில் இப்போது கிரானைட் அறுக்கிறார்கள்.) அது மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று சொன்னதும் உன் முகம் வெளுத்துவிட்டது. அக்காவின் கைக்குழந்தைக்கு அம்மை போட்டு, பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு அக்கா வேண்டிக்கொண்டது. குழந்தை பிழைத்தது. ஆனால் நேர்த்திக்கடன் தவறினால் ஆத்தா கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அக்கா நாளெல்லாம் பயந்து கிடந்தாள். கிடா துளுக்கினால்தான் வெட்டுவார்கள் என்றும் உனக்கு விளக்கினேன். தலையில் மஞ்சள் தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதுதான் ஆத்தா தரும் உத்தரவு.

சித்திரை மாதம், உச்சி வெயில். கயிற்றை நீதான் பிடித்திருந்தாய். பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். பிறகு குடத்தையே கவிழ்த்தார். உன்மேலும் தெறித்தது. தினமும் குளித்துப் பழகிய கிடா, எப்போது தேய்ப்பீர்கள் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"ஆத்தா ஏத்துக்கல. வூட்ல ஏதோ தீட்டு நடந்திருக்குது" என்றார் பூசாரி. எல்லோர் கண்ணும் உன் பக்கம் திரும்பியது. அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டு, "எம் புள்ளய எடுத்துக்கப் போறாளா?" என்று அலறினாள். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அப்போதுதான் நீ தலைமுதல் கால்வரை உதறினாய். முடி விரிந்து பறக்க, பல் கிட்டிக்க, ஒரு துளுக்குத் துளுக்கினாய். அரிவாள் பிடித்திருந்தவர் உன்னையும் கிடாவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அம்மாதான் முன்னால் வந்தாள்.

"உத்தரவு வந்துடிச்சி. ஆத்தா ஆட்டக் கேக்கல, தொரை முடியக் கேக்கறா. என்ன பூசாரி, சரிதான?"

பூசாரிக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. தலையாட்டினார். அக்கா உன் முன்னால் வந்து, "குடுப்பியாப்பா?" என்றாள். நீ மறுத்துவிடுவாய் என்று நான் நடுங்கினேன். பெற்ற அப்பனுக்கே கொடுக்காத முடி! நீயோ நேராகப் போய், மொட்டை போடுகிறவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தாய். முடி கொத்துக்கொத்தாக உன் மடியில் விழுந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா வயிறாரச் சாப்பிட்டாள். கிடாவும் வெகுகாலம் ஊரை மேய்ந்து, கிழடாகித்தான் செத்தது.

நீ ஊருக்குக் கிளம்பிய நாள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் உன் மொட்டையைத் தடவிக் கேலி செய்தேன். "மண்டையப் பொளக்கற வெயில்ல உனக்கு மட்டும் எப்படிடா குளிர் வந்துச்சி?"

"குளிரல" என்றாய்.

என் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஆடு ஏன் சும்மா நின்னுச்சின்னு எனக்குத் தெரியும். நான் குளிப்பாட்டினேன், அதான். அதைச் சொன்னா நீங்க வேற நாள் வெப்பீங்க. அதுவரைக்கும் அக்கா தூங்க மாட்டாங்க."

"உன்னை என்ன பண்ணுவாங்கன்னு பயமே இல்லையா?"

"உங்க அம்மா பக்கத்துல இருந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய்.

நான் இடி விழுந்தவன்போல நின்றேன். தெய்வத்தின் உத்தரவை ஒருவன் நடிப்பானா? உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் வந்தேன். அவள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். "குளிரல" என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை இத்தனை வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது.

அந்தக் குழந்தை இப்போது பேரன் எடுத்துவிட்டாள். நேற்று மாலை அக்கா வீட்டுக்குப் போய் நீ போய்விட்டதைச் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தாவே வாயத் தொறந்து கேட்ட புள்ளடா அவன்" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.