சுதனின் சிறுநீரகமும் அம்மாவின் இளநீரும்

என் ஆசை அப்பா,

சுதன் பிழைத்துவிட்டான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை. உங்கள் மகனுடைய இரண்டு சிறுநீரகமும் திரும்ப வேலை செய்கின்றன. நேற்று இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர், "இனி உங்களுக்கு என்னட்ட வேலை இல்லை" என்று அவனிடம் சொன்னார். கப்பல்துறையில் வீடு வந்து சேரும்வரை அம்மா பஸ்ஸில் தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நடந்தது இதுதான். தம்பலகாமத்தில் வயல் வேலைக்குப் போனவன், காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கியிருக்கிறான். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே போடச் சொல்லிக் கொடுத்த மாத்திரை சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது. உங்கள் மகன்தானே. பிரஷர் மாத்திரையை வாழைமரத்தடிக்குக் கொடுத்தவர் நீங்கள்.

காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, பிறகு மூத்திரம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்தார்கள். "கிட்னி திரும்பி வேலை செய்யலாம், செய்யாமலும் விடலாம். செய்யாட்டி அவருக்கு எப்பவும் இந்த மெசின்தான்" என்றார் டொக்டர். அதைப் பற்றியே படித்தவள் நான். ஆனாலும் அதே கேள்வியை டொக்டரிடம் மூன்று தரம் கேட்டேன் அப்பா.

அப்போதுதான் உங்கள் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் என்ன வேலை என்று கேட்டீர்கள். சிறுநீரகக் கலங்களின், அதாவது செல்களின், மேற்பரப்பில் உள்ள ரிசெப்டர் என்கிற வாங்கிகளைப் பற்றி ஆராய்கிறேன் என்றேன். நீங்கள் வேலை செய்த லோஞ்சுப் படகைக் கழுவிக்கொண்டே, "அது ஆளைக் கூப்பிடுற சாமானோ, ஆளைப் பிடிக்கிற சாமானோ?" என்றீர்கள். நான் பெரிய பெரிய சொல்லாக ஏதோ சொன்னேன். "விளங்கேல்லை. ஆனா நல்ல வேலைதான் போல கிடக்கு" என்று வாளியைக் கவிழ்த்தீர்கள்.

இப்போது பதில் சொல்கிறேன், கேளுங்கள். கூப்பிடுவதும் உண்டு, பிடிப்பதும் உண்டு.

சிறுநீரகக் குழாய்க்குள் கிருமி வந்ததும், கலத்தின் மேலிருக்கும் ஒரு வகை வாங்கி அதைத் தொட்டு அடையாளம் கண்டு, உதவிக்கு ஆள் கூப்பிடும். இரத்தத்திலிருந்து காவல் கலங்கள் ஓடி வரும். நல்லதுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சி வந்தால், வந்த கூட்டமே வீக்கத்தை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சுதன் படுத்ததும் எங்கள் சனம் முழுவதும் வான் பிடித்து ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்ததே, அந்த மாதிரி. அவனுக்கு மூச்சுவிட இடமில்லை. கடைசியில் நேர்ஸ் வந்து எல்லாரையும் கலைத்துவிட்டார்.

கலையாமல் நின்றது அம்மாவும் அவருடைய சுடுதண்ணிப் போத்தலும். நேர்ஸ் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"என்னம்மா இது, இளநியோ?"

"ஓம் பிள்ளை. வயித்தைக் குளிரப் பண்ணினாத்தானே மூத்திரம் போகும்."

"இப்ப குடுக்க ஏலாது. இதைக் குடிச்சா அவருக்கு நெஞ்சே நிண்டுபோகும்."

"இளநியாலயோ?" என்று அம்மா என்னைப் பார்த்தார். ஓம் என்றேன். இளநீரில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்ற அவனுடைய சிறுநீரகத்தால் அப்போது முடியாது. அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் வீட்டில் வெயிலுக்கும் இளநீர், நீர்க்கடுப்புக்கும் இளநீர், நீங்கள் கோபித்துக்கொண்டாலும் இளநீர். அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்து அழுதார். பிறகு வீணாக்க மனமில்லாமல் தானே குடித்தார்.

பிடிக்கிற வாங்கியை இனிச் சொல்கிறேன். செத்த கலங்கள் குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது, தப்பிய கலங்கள் தங்கள் மேற்பரப்பில் ஒரு வாங்கியை நிறைய உண்டாக்கும். சுகமான சிறுநீரகத்தில் அதைக் காண்பதே அரிது. செத்துப்போன அயல் கலங்களைப் பிடித்து விழுங்கிக் குழாயைத் துப்புரவாக்க அது உதவும். பிறகு தப்பியவை பெருகி அந்த இடத்தை நிரப்பும். உங்கள் செத்தவீட்டில் எல்லாரும் போன பிறகு, உங்களோடு லோஞ்சில் வேலை செய்த கிண்ணியா நவாஸ் மாமா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு சோறு சமைத்த பெரிய கிடாரம் கழுவினார். அந்த வேலைதான் அப்பா. நீங்கள் அதைப் பார்த்தீர்களோ?

சுதனுக்குள்ளும் துப்புரவு நடந்திருக்கிறது. ஒரு காலை அவனுடைய கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. நேர்ஸ் அதைத் தூக்கிக் காட்ட, அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். பக்கத்துக் கட்டில் ஐயா கைதட்டினார். பார்க்க வந்திருந்த நவாஸ் மாமா, "அல்ஹம்துலில்லாஹ், இன்னும் வரட்டும்" என்றார். சுதன் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு, "அக்கா, இவையளைப் போகச் சொல்லுங்கோ" என்றான். நான் சிரித்துச் சிரித்தே அழுதுவிட்டேன். ஆய்வுகூடத்தில் ஒரு நாளும் எனக்கு இத்தனை சந்தோசம் வந்ததில்லை.

நேற்று டொக்டரிடம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஐயா, இனி இளநி குடுக்கலாமோ?"

"ஓம் அம்மா, வடிவாக் குடுங்கோ."

அடுத்த நெல் போகத்துக்கு அவன் சேற்றில் கால் வைக்கும் முன் நான் வரம்பில் நிற்பேன். மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் இறங்க விடுவேன். இது உங்களுக்கு என் வாக்கு. வருகிற மாதம் நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத் திவசம். படையலில் முதல் இளநீர் உங்களுக்கு, அடுத்தது சுதனுக்கு. அம்மா இந்த முறை போத்தலில் ஒளிக்கவில்லை, முழுக் குலையையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

சுதனின் அக்காவாகவே இன்னும் இருக்கும்,
உங்கள் மூத்த மகள்