துண்டு வீசாத கண்மாய்

அன்பு மகள் சத்தியப்பிரியாவுக்கு அப்பா கோட்டைச்சாமி எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளை ஈஸ்வரனும் பேத்தி அக்ஷராவும் நியூசிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நம் அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடுகிறது, நீயும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், கடைசி வரைக்கும் படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்பலம் மாயக்கண்ணன் உன்னைக் கூப்பிடுவான், எடுக்காதே. ஊர்த் தலைவர், அண்ணன் முறை என்றெல்லாம் பார்க்காதே. நம் கண்மாயில் மீன் பிடிக்க நான் துண்டு வீச மறுத்ததால், உன்னை வீடியோவில் வீசச் சொல்லி, அதைச் செல்போனில் ஊருக்குக் காட்டிவிட்டு இறங்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை நம் வாசலில் நின்று, “சித்தப்பு, நீங்க வீம்பா இருக்கீக, இருந்துக்கங்க. தங்கச்சியும் உங்க ரத்தந்தான? அது அங்குட்டு நின்னு வீசட்டும், நாங்க இங்குட்டு எறங்கிக்கிறோம்” என்றான். உனக்குக் கல்யாணமான வருஷம் இதே மாயக்கண்ணன்தான், கோட்டைச்சாமிக்கு ஆண் வாரிசு கிடையாது, அவருக்குப் பிறகு துண்டு பங்காளி வீட்டுக்குப் போகும் என்று கூட்டத்தில் பேசினான். இப்போது மட்டும் மகள் ஞாபகம் வருகிறது. முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

போன வருஷம் நடந்ததை உனக்கு யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளை மதுரை டவுனில் வளர்ந்தவர், நம் வழக்கம் தெரியாது, அவருக்கும் இதைப் படித்துக் காட்டு. கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊர் கூடி நாள் குறிக்கும், அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்பும். அய்யனாருக்குத் தேங்காய் உடைத்த பிறகு நம் வீட்டு மூத்தவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் வலையும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் தண்ணீரில் இறங்கும். பிடித்ததை யாரும் விற்கக் கூடாது, இறங்க முடியாத வீட்டு அடுப்பிலும் அன்று மீன் கொதிக்க வேண்டும். துண்டு வீசாமல் ஒருத்தர் கால் நனைத்தாலும் அடுத்த மழை பொய்க்கும் என்பது இங்கே எல்லாருடைய நம்பிக்கை, எனக்கும்தான்.

போன வருஷம் நான் கரைப் புளியமரத்தடியில் நின்றிருந்தேன். பூசாரி இன்னும் வந்து சேரவில்லை, வெளியூர் ஆட்கள் வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். அப்போது என் பிடரியில் ஒரு கட்டெறும்பு கடித்தது, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு கண்மாய்க்குள் பாய்ந்துவிட்டது. நில்லுங்கள் நில்லுங்கள் என்று கையை ஆட்டிக் கத்தினேன், நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தபோது கலங்கிய சேறுதான் மிச்சம், எங்களை வரச்சொல்லி அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று கைகலப்பாகிவிட்டது. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு, நான் அய்யனார் கோவில் வாசலில் விழுந்து ஊராரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். வீசியிருந்தால் கேட்பேன், நான் உதறினேன் என்றேன். மாயக்கண்ணன் எழுந்து, “அப்ப அந்த எறும்புக்குச் சம்மன் அனுப்பிருவமா சித்தப்பு?” என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள் சத்தியா, நான் வழக்குத் தீர்த்துவைத்த ஆட்களும் சிரித்தார்கள். இனி இந்தக் கை துண்டு வீசாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த ஐப்பசியில் மழை குறைந்ததும், அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் தோளில் துண்டு போடுவதில்லை. ஊருக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது, வீட்டுக்குள் இருந்தால் உன் அம்மாவின் பெருமூச்சு. பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு இருட்டும் முன் திரும்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், இருந்தாலும் மீன்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தைப் படித்து முடித்தேன். தண்ணீர் சுண்டிச் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் காற்று குறைந்துவிடும், கெண்டைகள்தான் முதலில் சாகும், விரால் மட்டும் சேற்றில் கிடந்து மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று அதில் இருக்கிறது. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க விராலு. சேத்துக்குள்ள வருசக்கணக்காக் கெடப்பீக. நாந்தேன் கெண்டை” என்றாள். பொன்னழகு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

நேற்று இவ்வளவும் எழுதி மடித்து வைத்திருந்தேன். இன்று காலை கண்மாய்ப் பக்கமிருந்து நாற்றம் வந்தது, மனசு கேட்காமல் போனேன். நடுவில் நம் களத்து அளவுக்குத்தான் தண்ணீர் கிடக்கிறது. அதற்குள் எல்லா மீனும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, தண்ணீருக்கு மேலே முழுக்க வாய்தான். ஓரத்தில் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கிக் கிடக்கின்றன, கொக்குகள் பயமில்லாமல் நடக்கின்றன. கரையில் ஊத்தாவோடு சனம் நிற்கிறது. நான் வீசினேன் என்று பழி சொன்னவர்களும் நிற்கிறார்கள், எறும்பு என்று சிரித்தவர்களும் நிற்கிறார்கள். தடுக்க ஆளில்லை, காவல் இல்லை, ஒருத்தரும் கால் நனைக்கவில்லை. நம் பின்வீட்டுக் கருப்பி என்னைப் பார்த்ததும் ஊத்தாவைத் தரையில் வைத்துவிட்டு, “ஊரு உங்கள ஏசுச்சு, சரி. மீனு என்னண்ணே ஏசுச்சு?” என்று கேட்டாள். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனாலும் நான் வீச மாட்டேன். ஊர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு அதே மரத்தடியில் போய் நிற்க என்னால் முடியாது, நான் உதறினேன் என்பதும் மாறாது. அதனால் மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். மாயக்கண்ணன் கூப்பிட்டால் எடு, நீ வீசு. அவனை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், கோட்டைச்சாமி மகள் சத்தியப்பிரியா வீசுகிறாள், இனி இந்தத் துண்டு அவளுடையது என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்றேன். “மைக்குல என்ன சித்தப்பு, ரேடியோ செட்டு கட்டியே சொல்லிப்புடுறேன், முகத்த மட்டும் அப்பிடி வச்சுக்கிறாதீக” என்றான். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, உங்களுக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். தலைக்குக் குளித்துக்கொள். துண்டு வெள்ளையாக இருக்கட்டும், பூப்போட்டது வேண்டாம். தேங்காய் உடைத்தாயிற்றா, வெளியூர் ஆட்கள் வந்துவிட்டார்களா என்று நீயே கேள், மாயக்கண்ணன் சொன்னால் போதாது, பூசாரி வாயால் வர வேண்டும். அக்ஷராவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள், அவளும் பார்க்கட்டும். அப்பா செய்தது தப்பு என்று உன்னைச் சொல்லவைக்க யாராவது வாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதே.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியே அனுப்பு. அம்மா ஊத்தா எடுத்துக்கொண்டு கருப்பியோடு கரைக்குப் போவாள், அதனால் அந்நேரம் அவளைக் கூப்பிடாதே. நான் போகப்போவதில்லை, கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேதான் இருப்பேன். சனம் இறங்கும் சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்கும். நீ வீசிவிட்டாய் என்று நான் அதில் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
யாரிடமும் மன்னிப்புக் கேட்காத உன் அப்பா,
பெ. கோட்டைச்சாமி