போன வாரம் வேலை தேடினீர்களா

சிங்காநல்லூர்
14-2-1962

சிரஞ்சீவி தம்பிதுரைக்கு அம்மா எழுதிக்கொண்டது. உன் ஐயனின் முழங்கால் வலியைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். அங்கே பம்பாயில் நீயும் மருமகளும் சுகமாக இருக்கக் காரமடை ரங்கநாதர் துணையிருக்க வேண்டும். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மில்லில் பட்டது போதும் அம்மா, இனி என்னோடு வந்து சும்மா இருங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தச் சும்மா என்ற சொல்லை வைத்துத்தான் இந்த வாரம் இங்கே சண்டை, அதனால் பதில் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

திங்கட்கிழமை சர்க்காரில் இருந்து ஒருவர் வந்தார், அரங்கசாமி என்று பேர், பவானிக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். எந்த வீட்டில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கெடுக்கிறாராம். நான் உள்ளே பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிக் கேட்டதும் உன் ஐயன், அவ ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறா என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். கரண்டியோடு வெளியே வந்து, ஏனுங்க, எனக்கு வேலை வேணுமுங்க, அதை எழுதிக்குங்க என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, போன வாரம் எங்கயாவது வேலை தேடினீங்களாம்மா என்று கேட்டார். எங்கே போய்த் தேடுவது. ராச் சிப்டுக்குப் பெண்பிள்ளைகளை வைக்கக்கூடாது என்ற சட்டத்தைக் காட்டி, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் இருந்த எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி ஏழு வருஷம் ஆகிறது. கதவைச் சாத்தினவன் வீட்டில் தினமும் போய்த் தட்டிக்கொண்டிருப்பார்களா என்றேன். அவர் சங்கடப்பட்டார். தேடினால்தான் வேலையில்லாதவர் கணக்கில் சேர்ப்பார்களாம், தேடாவிட்டால் வீட்டு வேலை என்று எழுதிவிடுவார்களாம். ஆசைப்படறதுக்குன்னு தனியாக் கட்டம் இல்லீங்கம்மா என்றார்.

அன்றைக்கு முழுக்க எனக்குப் பழைய நினைப்புத்தான். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ நடை பழகினது மில்லின் தொட்டில் அறையில். இடைவேளைக்கு ஓடி வந்து உனக்குப் பால் கொடுப்பேன், நீ என் தலையில் ஒட்டியிருக்கிற பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து வாயில் வைப்பாய். மறுபடி ஓடிப்போய் அறுந்த நூலை முடிபோடுவேன். இரைச்சலில் ஒருத்தி பேசுவது ஒருத்திக்குக் கேட்காது, உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுக்கப் பேசி முடித்துவிடுவோம். கால் கடுக்கும், மேஸ்திரி திட்டுவார், எல்லாம் உண்டு. ஆனால் சாயங்காலம் சங்கு ஊதிக் கூட்டமாக வெளியே வருகிறபோது ஒரு நிமிர்வு இருந்தது கண்ணு, அது போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் காலைச் சங்குக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவை எழுப்பினேன். அவளும் ரீலிங்கில் என் பக்கத்து மிஷின்காரிதான், உனக்கு முறுக்கு கொடுத்தே உன்னைக் கெடுத்தவள். தேடினால்தான் கணக்கு என்றால் தேடிவிடுவோம் வா என்றேன். இரண்டு பேரும் மில் கேட்டுக்குப் போய் வராதவர்களுக்குப் பதிலாக வேலை கிடைக்குமா என்று காத்திருக்கிற பதிலி ஆட்களோடு நின்றோம். வாட்ச்மேன் சுப்பையன், ஆரைப் பாக்கோணுங்க அக்கா என்று கேட்டான். வேலை கேட்டு வந்திருக்கறோம், மேஸ்திரிகிட்டச் சொல்லு தம்பி என்றேன். அவன் சிரிக்கவில்லை, உள்ளே போய்ச் சொன்னான். மேஸ்திரி வந்து, பொம்பளையாளு இப்ப எடுக்கறதில்லீங்களே, தெரியாதுங்களா என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சங்கு ஊதியது, ஆம்பளைகள் உள்ளே போனார்கள், கேட்டைச் சாத்தினார்கள்.

வருகிற வழியில் அரங்கசாமி எதிரே வந்தார். தேடிவிட்டோம், எழுதிக்குங்க என்றோம். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. நான் எடுக்கறது போன வாரத்துக் கணக்குங்கம்மா, இன்னைக்குத் தேடுனது இதுல சேராதுங்க என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் பங்காரம்மா என் கையைப் பார்த்து, ஏன் அம்மணி, கணக்குக்குத்தான போனோம், தூக்குப்போசியில சோறு எதுக்குக் கட்டிக்கிட்டு வந்தே என்று கேட்டாள். அப்போதுதான் நானே பார்த்தேன். அவள் கையிலும் ஒன்று இருந்தது. இரண்டு பேரும் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றோம். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம், முடிக்கும்போது இரண்டு பேருக்கும் அழுகை.

உன் ஐயன் இன்று காலை தானே காப்பி போட்டுக் கொடுத்தார். சித்திரையில் பம்பாய்க்கு வருகிறேன், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவேன், அதற்கு மேல் பிடித்து வைக்காதே. எண்ணெய் தேய்த்துக் குளி, மழையில் நனையாதே. நீயும் மருமகளும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உங்கள் அம்மா என்ன செய்கிறார்கள் என்று அங்கே யாராவது கேட்டால், வீட்டில் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லாதே. வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்.

உன் அம்மா,
சென்னியம்மாள்