ஒன்பது மில்லிமீட்டர்

மன்னார்புரம், திருச்சி
ஜூன் 19

அன்புள்ள வகுளாவுக்கு,

கேத்தரின் எழுதுவது. நான், ஆஸ்டின், ஆன்சி மூவரும் சௌக்கியம். நீ அந்த ஆஸ்திரேலியக் குளிரில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வேலை விஷயம் ஆங்கிலத்தில், மனசு விஷயம் தமிழில் என்று ஹாஸ்டலில் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை நான் இன்னும் மீறவில்லை. அதனால் இது தமிழில்.

உன் செய்தி வந்தது. முப்பத்து மூன்று வயதில் குழுத் தலைவி. படித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன், அப்புறம் வயிறு எரிந்தது, அப்புறம் ஆன்சிக்குத் தோசை ஊற்றினேன். நடந்தது இந்த வரிசையில்தான். பொறாமைப்படவும் ஒரு தகுதி வேண்டும், எனக்கு அது இருக்கிறது. ஆறு வருஷம் ஒரே ஆய்வகம், ஒரே மேஜை, அடிக்கடி நின்றுபோகும் ஒரே கணினி. அப்படிப்பட்டவள் பொறாமைப்படாமல் வேறு யார் படுவது?

என் பெருமையையும் கேட்டுக்கொள். இந்த வாரம் சிவில் பிரிவு மாணவர்களின் நூற்று இருபது ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியவை. முதலில் எழுதியவன் இரும்புக் கம்பியின் விட்டத்தைத் தப்பாக எழுதிவிட்டான். அந்தத் தப்பும் நூற்று இருபது தடவை என் கண் முன்னால் போயிற்று. நூற்று இருபதிலும் கையெழுத்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை வடக்கு உத்தர வீதிக்குப் போய் உன் அம்மா அப்பாவைப் பார்த்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுத்தாயிற்று. மேட்டூர் திறந்து தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிட்டதால் ஸ்ரீரங்கமே குளிர்ச்சியாக இருந்தது. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் நீ புகையைப் பூமிக்குள் புதைக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறார். புகை இல்லை மாமி, கரியமில வாயு என்று நான் விளக்கினேன். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் அதை அழுத்தி ஏற்றுகிறார்கள், ஏற்றும்போது மேலே தரை கொஞ்சம் எழும்பும், எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் எழும்பும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வகுளாவின் வேலை, அவள் கணக்கும் செயற்கைக்கோள் அளந்ததும் ஒத்துப்போனால் வாயு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூமாதேவிக்கு வயிறு உப்பறதுன்னு சொல்லேன்" என்றார். நம் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை அவரிடம் கொடுத்திருக்கலாம்.

உன் கணக்கை நான்தான் சரிபார்க்க வேண்டும், வெளிச் சரிபார்ப்பாளர் என்று என் பெயரை அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன் என்கிறாய். சரி. நம் ஆய்வுக்கு வழிகாட்டிய சிவராமன் சார் நம்மைப் பழக்கிய பழக்கம் அப்படி. ஒருத்தி போட்டதை மற்றவள் முதலிலிருந்து போட்டுப் பார்த்து, ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதினால்தான் தாளையே கையில் வாங்குவார். கோப்பை அனுப்பு. மூன்று வாரம் கொடு.

நீ சேர்ந்த இடத்துக்கு நானும் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று மறுபடி கேட்டிருக்கிறாய். ஆன்சியை விட்டுவிட்டு எங்கே வருவது? அந்தப் பேச்சை விடு.

அன்புடன்,
கேத்தரின்


மன்னார்புரம்
ஜூலை 11

அன்புள்ள வகுளாவுக்கு,

கணக்கைப் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. கையெழுத்திட்டுத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஆன்சிக்கு முன்பல் ஆடுகிறது. நாள் முழுக்க அதையே ஆட்டிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்டினுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிப்டு மாறியிருக்கிறது. கல்லூரியில் ஆய்வுக் குழு வருகிறது என்று சுவருக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறார்கள். காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது, ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் தாங்காது.

உன் கணக்கில் வடகிழக்கே இருக்கும் பாறை மேட்டை அசையாத புள்ளியாக வைத்திருந்தாயே, பார்த்ததும் சிரித்துவிட்டேன். காவிரியில் தண்ணீர் வந்தால் ஸ்ரீரங்கத்துத் தரை எவ்வளவு உயர்கிறது என்று நாம் அளந்தபோது, எதை வைத்து ‘உயர்ந்தது’ என்று சொல்வது எனத் தெரியாமல் ஒரு மாதம் முழித்தோம் இல்லையா? ஊரே அசைந்தது. மலைக்கோட்டையை அசையாத இடமாக வைத்த பிறகுதான் எல்லா எண்ணும் நேராக நின்றது. அதிலிருந்து திருச்சிக்காரி எங்கே போனாலும் முதலில் ஒரு பாறையைத்தான் தேடுவாள் போல.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

கேத்தரின்


மன்னார்புரம்
ஜூலை 22, செவ்வாய்

அன்புள்ள வகுளா,

இதோடு ஒரு கோப்பு இணைத்திருக்கிறேன். முதலில் அதைத் திற. மூன்றே படங்கள். பார்த்துவிட்டு இங்கே வா.

பார்த்தாயா? அந்தப் பாறை மேடு அசையாத இடம் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறதே, அதை அசையாத புள்ளியாக வைத்து எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். பதினெட்டு மாதத்தில் மேடு ஒன்பது மில்லிமீட்டர் எழுந்திருக்கிறது. அதை நீ பூஜ்யம் என்று பிடித்துக்கொண்டதால் அந்தப் பக்கத்து வீக்கம் முழுக்க உன் படத்திலிருந்து அழிந்துபோயிற்று. வீக்கம் ஒன்றில்லை, இரண்டு. நடுவில் ஒரு பள்ளம். அதன் அர்த்தம் உனக்கே தெரியும், ஆனாலும் நான் சொல்லாமல் விட்டதை என் கையால் எழுதவேண்டும். வாயு படுக்கையாகப் பரவவில்லை. மேலே மூடியிருக்கும் பாறையில் செங்குத்தாக ஒரு விரிசல் திறந்து, அதற்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் திட்டமிட்டிருக்கிறபடி வருகிற திங்கட்கிழமை அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் ஏறும். அதற்கு மேலே இருப்பது அங்கே வேலைசெய்பவர்களின் முகாமில் எல்லோரும் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர்.

மலைக்கோட்டை பூமிக்குள் ஆழமாக இறங்கி நிற்கிற பாறை. உன் மேடு அப்படியில்லை. வாயு ஏறுகிற அதே அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு துண்டு, கீழே எழுந்தால் அதுவும் கூடவே எழும். இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்கமாட்டார்கள். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் வைத்திருப்பேன்.

இதை நான் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. ஜூலை ஆறாம் தேதி, ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோது கண்டுபிடித்தேன். ஐந்து நாள் கழித்து ‘பார்த்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தெரிந்தேதான் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை வகுளா, சந்தோஷம். ஆஸ்டினைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கிவரச் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார், சும்மாதான் என்றேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். ஆன்சியைக் காரணம் சொன்னதெல்லாம் பொய். ஆஸ்டின் வரத் தயாராகத்தான் இருந்தார். உனக்கு நேர்காணல் என்று நீ ஓடி வந்து சொன்னாயே, அதற்கு முந்தின நாள்தான் எனக்கு வேண்டாம் என்று பதில் வந்திருந்தது. நான்கு சாயங்காலம் உன்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். உனக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள் எல்லாம் எனக்காக நான் எழுதி வைத்திருந்தவை. அவற்றைச் சொல்லித்தான் உனக்கு வேலை கிடைத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை என்பது எனக்கே தெரியும், ஆனாலும் நினைத்தேன்.

மலைக்கோட்டையை வைக்கலாம் என்று முதலில் சொன்னவளும் நான்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது சொன்னேன். அந்த ஆய்வைப் பற்றிய கட்டுரையில் உன் பெயர் முதலில் வந்தது. சிவராமன் சார் முடிவு அது, உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை போ என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்லக்கூட எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை. என்னை வெளிச் சரிபார்ப்பாளராகப் போட்டது உன் அன்பு என்று தெரியும். எனக்கு அப்போது அது நீ மிச்சம் வைத்த சோற்றை என் தட்டில் தள்ளுவதுபோல் இருந்தது.

நீ விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் கொஞ்சமாக. உன் கணக்கை நீ முன்வைக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து அந்த மேட்டைப் பற்றிக் கேட்பார், நீ பதில் தெரியாமல் முழிப்பாய், நான் இங்கே கேள்விப்படுவேன். அவ்வளவுதான் கணக்கு. யாரும் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. படித்தவள் போட்ட கணக்கா இது?

நேற்று முன்தினம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கோவிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உட்காரவைத்து, கையில் காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வகுளா போன் பண்ணினா. கேத்தரின் பார்த்துட்டா, இனிமே வேற யாரும் பார்க்கவேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாளாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த இடத்துக்கே போய் மூணு மாசம் தங்கப்போறா. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன்." காபியை அப்படியே கீழே வைத்தேன். நான் பார்த்ததால்தான் வேறு யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீயே அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறாய் என்பதும்.

நேற்றுச் சாயங்காலம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். சாமியாரிடம் மன்னிப்பு வாங்கிவிட்டால் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிடுவேன் என்று என்மேல் எனக்கே சந்தேகம். பிறகு உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும் ஆன்சிக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ என்னவோ விழுந்து விழுந்து சிரித்தாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

படங்களுக்குக் கீழே இன்னொரு பக்கம் இருக்கிறது பார், ஆங்கிலத்தில். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று உன் அலுவலகத்துக்கு எழுதியது. கவனக்குறைவு என்று போட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். போடவில்லை. தப்பைப் பார்த்தேன், பார்த்தும் சரி என்று கொடுத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். இதற்குப் பிறகு இந்தத் துறையில் யாரும் என்னிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாதுதான். ரெக்கார்டு நோட்டுகள் இருக்கின்றன, அவை போதும்.

அதை நீயே கொண்டுபோய்க் கொடு. நீ கொடுத்தால் தப்பைத் திருத்தி, வாயு ஏற்றும் பம்பை நிறுத்தியவள் நீ. வியாழக்கிழமை உங்கள் கூட்டம் தொடங்கும் முன்பு நீ கொடுக்கவில்லை என்றால் நானே நேராக அனுப்பிவிடுவேன். அப்போது உன் பெயர் கெடும். அதைப் பற்றி யோசிக்க எனக்கு இனி உரிமையில்லை, தண்ணீர் குடிக்கிறவர்களைப் பற்றித்தான் யோசிக்க முடியும்.

உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் நியாயம். திட்டு, பேசாமல் இரு, என் எண்ணை அழித்துவிடு. அப்பாவின் மாத்திரையை மட்டும் நான் வழக்கம்போல வாங்கிக் கொடுப்பேன், அதைத் தடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை அந்த முகாமுக்குப் போகாதே. பம்பை நிறுத்தி, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகு போ. இது ஒன்றைத்தான் கேட்கிறேன், காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்.

இப்போதும் பொறாமை போய்விடவில்லை வகுளா. இதைச் சரிசெய்து நீ அந்தக் கூட்டத்தில் நிமிர்ந்து நிற்பாய் என்று நினைத்தால் இந்த நிமிஷம்கூட எனக்குள் ஏதோ சுருக்கென்று குத்துகிறது. குத்தட்டும். நீ நன்றாக இருக்கவேண்டும். என்னைவிட நன்றாகவே இருக்கவேண்டும். இந்தக் கடைசி வரியை மூன்று தடவை அடித்துவிட்டுத்தான் எழுதினேன், ஆனால் எழுதிவிட்டேன்.

உன்,
கேத்தரின்